புகை இல்லாத கணப்பு

முதலில் வந்தது தலைவலி. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் வீட்டு மாப்பிள்ளை மாதிரி சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

பத்மப்ரியா பிள்ளை பெற்று அம்மா வீட்டில் படுத்திருந்தாள். வீடு களக்காட்டுக்குப் பக்கத்தில், பச்சையாற்றங்கரையில். வெளியே கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா சீதாலக்ஷ்மி அந்த அறையை அடைத்து வைத்திருந்த அழகைப் பார்த்தால், உள்ளே தங்கக் குடம் இருக்கிறதோ என்று யாரும் நினைப்பார்கள். ஜன்னல் இடுக்குகளில் பழைய நூல்புடவைக் கிழிசல். கதவுக்கு அடியில் சாக்கு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் சுருட்டித் திணித்த வைக்கோல். மகளின் காதில் பஞ்சு, தலையில் துண்டு. பச்சை உடம்பின் மேல் காற்றுப் படக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஓர் இரும்புக் கணப்படுப்பு இருந்தது. அதில் கரி கனன்றுகொண்டிருந்தது. துளிப் புகை இல்லை, வாசனையும் இல்லை. முந்தைய நாள் பார்க்க வந்த அத்தை, இந்தக் காலத்துப் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள், நாங்கள் விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிடந்தோம் என்று பெருமூச்சு விட்டுப் போனாள். குழந்தை ரோஜாப்பூ மாதிரி சிவந்திருக்கிறது, சமர்த்தாகத் தூங்குகிறது என்றும் சொன்னாள். சீதாலக்ஷ்மி உடனே திருஷ்டி கழித்தாள்.

அந்த அடுப்பு பத்மப்ரியாவின் கைவேலை. இரும்பை அடித்தது வேறு யாரோ. அது அந்த அறைக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தது அவள்.

அவள் ஒரு பொறியாளர். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எரிபொருள் திட்டத்துக்காகத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். புலிகள் காப்பகத்துக்குள் யாரும் விறகு பொறுக்கப் போகக்கூடாது என்று கெடுபிடி வந்ததும், அப்போதுதான் தேர்தலில் ஜெயித்து உட்கார்ந்திருந்த ஒன்றியக் குழுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விறகு இல்லையென்றால் ஜனங்கள் எதை எரிப்பார்கள்? பத்மப்ரியா ஊர் ஊராகப் போனாள். சமையலுக்கு எவ்வளவு, வெந்நீருக்கு எவ்வளவு, நெல் அவிக்க எவ்வளவு என்று கேட்டுவந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். இன்ன அடுப்பை மாற்றினால் பத்து வருஷத்தில் மலையில் எவ்வளவு மரம் மிஞ்சும், வீட்டுக்குள் எவ்வளவு புகை குறையும் என்று அது கணக்குப் போட்டுக் காட்டும். அலுவலகத்தில் அதற்குக் கம்ப்யூட்டர் ஜோசியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கிண்டல் செய்தவர்களே மத்தியானம் தனியாக வந்து, நம்ம ஊருக்கு என்ன சொல்லுது என்று காதோடு கேட்டுப் போனார்கள்.

அந்தக் கணக்கில் வீட்டுக் கணப்புக்கு என்று ஒரு பகுதி இருந்தது. அந்தக் கணக்குப் போடும் நிரலைச் செய்த குளிர்தேசத்துக்காரர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது. சென்னையில் நடந்த கூட்டத்தில் ஓர் அதிகாரி, திருநெல்வேலி வெயிலில் எவன் குளிர்காய்கிறான் என்று சிரித்தார். பத்மப்ரியா விடவில்லை. மழைக்காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டில், சமையலைவிட அந்த ஓர் அறையைச் சூடாக வைப்பதற்குத்தான் அதிக விறகு எரிகிறது என்று எண்களோடு எடுத்துக் காட்டினாள். சிரித்தவர் வாயை மூடிக்கொண்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியதும் உண்மை, மறைப்பானேன்.

ஆக, விறகுத் தணலுக்குப் பதிலாகக் கரி. சாத்தான்குளம் பக்கம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தைச் சுட்டு எடுத்த கரி. மலைக்கு நஷ்டமில்லை. புகைக்கு நேரே கம்ப்யூட்டர் பூஜ்யம் காட்டியது. அலுவலகத் தாழ்வாரத்தில் அடுப்பைப் பற்றவைத்து எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நாலு பக்கமும் காற்று வரும் தாழ்வாரம் அது. ஒன்றியக் குழு திட்டத்தைக் கைதட்டி நிறைவேற்றியது. சுகாதார நர்ஸ் ஹெப்சிபா முதல் தவணை அடுப்புகளைக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்களில் இதுவரை பிள்ளை பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பத்மப்ரியா. இன்னொருத்தி ஆற்றுக்கு அக்கரையில், பள்ளிவாசல் தெருவில் இருக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸ்.

பேறுகால அறை ஒன்றுக்குள்ளும் பத்மப்ரியா அதுவரை போனதில்லை. எந்த வீட்டிலும் வெளியாளை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று கேட்டாள், வாசலில் நின்று பதில் வாங்கினாள். அந்த அறைகளுக்கும் ஜன்னல் இருக்கும், ஜன்னல் திறந்திருக்கும் என்று கணக்கில் வைத்துக்கொண்டாள். விறகு எரிந்த காலத்தில் அது ஓரளவு நிஜமும்கூட. புகை தாங்காமல் யாராவது ஒருத்தி எழுந்து கதவைத் திறந்துவிடுவாள். இப்போதுதான் புகை இல்லையே, எதற்குத் திறப்பது?

இதெல்லாம் அன்று மத்தியானம் அவளுக்கு வரிசையாகத் தோன்றவில்லை. நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. வயிற்றைப் புரட்டியது. மார்பு பால் கட்டிக் கல்லாகி ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தை காலையிலிருந்து பாலுக்கு அழவில்லையே என்று மெதுவாக உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கரியின் மேல் மெல்லிய நீலச் சுவாலை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் யாரோ ஒரு வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. கரி புகையாது, ஆனால் அடைத்த இடத்தில் அது விடும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவன் அப்படியே போய்விடுவான். கம்ப்யூட்டர் கணக்கில் அந்த வாயுவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. அதில் போட அவளிடம் தகவல் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டாள். காலியாக விட்ட கட்டத்தை அந்த இயந்திரம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்.

அப்படி ஒரு பயத்தைப் பிரசவ வலியில்கூட அவள் அறிந்ததில்லை. குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். அது உதட்டைச் சப்புக்கொட்டிவிட்டு மறுபடியும் துவண்டது. எழுந்து நிற்கப் பார்த்தாள். முழங்கால் இரண்டும் யாருடையவையோ போல மடங்கின. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து ஜன்னலடிக்குப் போய், இடுக்கிலிருந்த கிழிசலைப் பிடுங்கினாள். ஈரக் காற்று பீறிட்டு உள்ளே வந்தது. குழந்தையின் மூக்கை அந்த இடுக்கில் வைத்தாள்.

கதவு திறந்தது. புதுக் கரி நிரப்பிய முறத்தோடு அம்மா.

"என்னடி பண்றே? காத்துப் படப்படாதுடீ."

அடுப்பை வெளியே எடு, அது விஷம் என்று சொல்லப் பார்த்தாள். நாக்குத் தடித்து வார்த்தை குழறியது. சீதாலக்ஷ்மி முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகளின் நெற்றியைத் தொட்டாள்.

"ஏன்னா, இவளுக்கு ஜன்னி கண்டுடுத்து. பச்சக் குழந்தைய ஜன்னல்ல வெக்கறா," என்று வெளியே இருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

சீதாலக்ஷ்மியைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? அவளுடைய தங்கை இதே அறையில்தான் பிள்ளை பெற்று ஜன்னி கண்டு செத்தாள். மூச்சு முட்டுகிறது, கதவைத் திற, கதவைத் திற என்று கத்திக் கத்தியே போனாள். அந்தக் குரல் இத்தனை வருஷம் கழித்து மகளின் வாயிலிருந்து வருவதாக அம்மாவுக்குத் தோன்றியது. அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். கிழிசலை மறுபடியும் இடுக்கில் திணித்தாள். மகளுக்குக் குளிர் ஏறிவிட்டது என்று கரியை அள்ளி அடுப்பில் போட்டாள். மகள் அதைப் பார்த்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

இப்படியே சாகப்போகிறோம் என்று பத்மப்ரியாவுக்குத் தெரிந்தது. பாசத்தால் சாகப்போகிறோம். கத்தினால் ஜன்னி என்பார்கள். கதவைத் திற என்று சொல்லவே கூடாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி கேட்டாள்.

"அம்மா, உனக்குத் தலை வலிக்கறதா?"

"வலிக்காம என்னடி? ராப்பகலா உன் பக்கத்துலயே கிடக்கேன்."

"சமையல் உள்ளுக்குப் போனா? அங்க விறகடுப்பு. அவ்வளவு புகை. அங்க வலிக்கறதா?"

சீதாலக்ஷ்மி குழந்தையைத் தோளில் போட்டபடி அடுப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"அங்க போனா விட்டுடறது," என்றாள்.

இதை அப்பா சுப்பராமன் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார். தீட்டுக் கழியும்வரை உள்ளே காலெடுத்து வைக்கமாட்டேன் என்று பேத்தியை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷர். அவர் உள்ளே வந்தார். மேல்துண்டை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு அடுப்பைத் தூக்கினார். முற்றத்து மழையில் அது விழுந்த சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. சீதாலக்ஷ்மி தன் கையாலேயே ஜன்னலைத் திறந்தாள்.

கூடத்தில், மழைச்சாரல் தெறிக்கும் வாசல் பக்கமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. வெகுநேரம் கழித்து, குழந்தை முகத்தைச் சுருக்கிக் கோபமாக ஓர் அழுகை அழுதது. மூன்று பேருக்கும் கண்ணீர் கொட்டியது. அது ஆவேசமாகப் பால் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த பத்மப்ரியா, திடீரென்று நிமிர்ந்தாள்.

ஜன்னத்து.

அந்தப் பெண் முதலில் அடுப்பு வேண்டாம் என்றுதான் சொன்னாள். உம்மா வைக்கிற விறகுத் தணலே போதும் என்றாள். புருஷன் சவூதியில், பக்கத்தில் துணை அம்மா மட்டும். இரண்டு பேரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பத்மப்ரியாதான் அவள் கையைப் பிடித்து, என் குழந்தைக்கும் இதையேதான் வைக்கப்போகிறேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாள்.

சுகாதார நிலையத்துக்கு அப்பா போன் போட்டார். ஹெப்சிபா ஜீப்போடு மலையடிவாரத்துக்குப் போயிருந்தாள். வந்ததும், கொடுத்த அடுப்புகளையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்கிறோம் என்றார்கள். எப்போது வருவாள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பள்ளிவாசல் தெருவில் அந்த வீட்டுக்குப் போன் கிடையாது. அப்பா தானே போவதாகச் சொல்லிச் செருப்பைத் தேடினார். ஆனால் பேறுகால அறைக்குள் அந்நிய ஆண்பிள்ளையை யார் விடுவார்கள்? வாசலில் நிறுத்தி விசாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

"நான்தான் போகணும்," என்றாள் பத்மப்ரியா.

காற்றுக்கு இத்தனை நாள் காவல் நின்ற சீதாலக்ஷ்மி உள்ளே போய்க் குடையை எடுத்துவந்தாள். மகள் தலையில் அவிழ்ந்திருந்த துண்டை இறுக்கிக் கட்டினாள்.

"போ. இவள நான் பாத்துக்கறேன். கதவு தெறந்தேதான் இருக்கும்."

தெருமுனையில் கொம்பையாவின் ஆட்டோ நின்றது. அப்பா அவளைத் தாங்கி ஏற்றிவிட்டார். குலுங்கும்போதெல்லாம் அடிவயிற்றில் தையல் பிடித்து இழுத்தது. அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார்களோ, யாராவது ஒருமுறை கதவைத் திறந்திருக்க மாட்டார்களா, உம்மாக்காரி கஞ்சி கொண்டுபோகத் திறந்திருப்பாளே, திறந்தால் உடனே சாத்தியிருப்பாளே. மனசு இப்படி ஓடிக்கொண்டே இருந்தது. ஆற்றுக்கு வந்ததும் கொம்பையா வண்டியை நிறுத்தினான். பச்சையாறு தரைப்பாலத்தின் மேலே செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது.

"பாலத்துக்கு மேல தண்ணி போவுதும்மா. திரும்பிருவமா?"

அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தானோ என்னவோ, பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "பைய போவோம். கெட்டியாப் பிடிச்சிக்கிடுங்க," என்று வண்டியை இறக்கினான். தண்ணீர் காலடியில் ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு அவளுக்குப் பயமாக இல்லை. அக்கரைதான் பயமாக இருந்தது.

பள்ளிவாசல் தெருவில் ஜன்னத்தின் அம்மா ஜமீலா பீவி கதவைத் திறந்தாள். நனைந்து, வெளிறி, சுவரைப் பிடித்து நின்றவளைக் கண்டு பதறிப்போனாள்.

"ஆத்தீ, இஞ்சினியரம்மாவா? பச்ச ஒடம்போட இந்த மழையில எதுக்கும்மா வந்திய?"

ஜன்னத்து எங்கே என்று பத்மப்ரியா கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒறங்குதாவ. நீங்க குடுத்த அடுப்பப் பத்த வச்சதுலேந்து புள்ள அழவே மாட்டேங்கு. தங்கமான அடுப்பும்மா."

பத்மப்ரியா அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அறைக் கதவுக்கு அடியில் சாக்கு. அதே மாதிரி மடித்து, அதே மாதிரி செருகியிருந்தது. கதவைத் தள்ளியதும் இதமான சூடு முகத்தில் தடவியது. நல்ல தூக்கம் தூங்கத் தோதான சூடு. பாயில் ஜன்னத்து வாயைத் திறந்தபடி கிடந்தாள், கன்னம் இரண்டும் சிவந்து. பக்கத்தில் குழந்தையும் அப்படியே.

குழந்தையை அள்ளினாள். அது துணிமூட்டை மாதிரி கையில் துவண்டு கிடந்தது. தலை பின்னால் சாய்ந்தது. மகளை இழுங்கள், வெளியே இழுங்கள் என்று அவள் சொன்னது ஜமீலா பீவிக்குப் புரியவில்லை. குனிந்து மகளின் தோளை உலுக்கிப் பார்த்தபிறகு புரிந்தது. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு வாசலில் நின்ற கொம்பையா ஓடிவந்தான். வழக்கம் எல்லாம் யாருக்கு ஞாபகம்? பாயின் ஒரு முனையை அவனும், ஒரு முனையை ஜமீலா பீவியும் பிடித்து, ஜன்னத்தைப் பாயோடு கூடத்துக்கு இழுத்துப் போட்டார்கள்.

முற்றத்து ஓரத்தில் சாரல் விழும் இடத்தில் உட்கார்ந்து, பத்மப்ரியா குழந்தையின் முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். அந்தக் குட்டி வாயில் தன் வாயை வைத்து மெல்ல மெல்ல ஊதினாள். ஊதும்போது அவளுக்குக் கம்ப்யூட்டரின் அந்தக் காலிக் கட்டம்தான் கண்ணில் நின்றது. பெருமாளே, அல்லாவே, யாராவது வாருங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். ஜமீலா பீவி ஒருபக்கம் மகளின் கன்னத்தில் அறைந்துகொண்டே யா அல்லா, யா அல்லா என்று அரற்றினாள்.

குழந்தை ஒருமுறை விக்கியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இன்னொரு விக்கல், ஒரு தும்மல். அதன் பின்னால் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி மெல்லிசாக ஓர் அழுகை. அது வலுத்துத் தெருவரை கேட்டது. ஜன்னத்து புரண்டு வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறக்காமலே, "புள்ள எங்க உம்மா?" என்றாள்.

ஜமீலா பீவி மகளையும் பேரனையும் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். அப்போது ஒரு பெருங்காற்று மழையோடு முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் அடித்தது. குழந்தை உடம்பைக் குறுக்கிச் சிலிர்த்தது. அவள் அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"அய்யோ, புள்ள மேல காத்துப் படுதே," என்று முற்றத்துக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அறைக்குள் அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது. பத்மப்ரியாவிடம் எழுந்து நிற்கத் தெம்பு இல்லை, கத்தவும் குரல் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கையை நீட்டிவிட்டாள். கனத்த கதவு அவள் விரல்களின் மேல் வந்து இறங்கியது. அவள் எடுக்கவில்லை.

எதிலோ இடிக்கிறதே என்று ஜமீலா பீவி குனிந்து பார்த்தாள். கதவு எதற்காகத் திறந்திருக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கதவை முழுக்கத் தள்ளித் திறந்தாள். அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டுவந்து, காற்றுச் சாத்திவிடாதபடி அதற்கு முட்டுக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் பத்மப்ரியாவால் நிலையிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.